மாசம் 2,400 ரூபா தலைமுடிக்கே போகுது, இயற்கையாவும் இருக்கணும், செலவும் குறையணும்: என்ன பண்றது?

கேட்டவங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போறவங்க. வீட்ல அவங்க, பத்தாவது படிக்கற பொண்ணு, மாமியார்னு மூணு நீளத் தலை. ஹெர்பல் ஷாம்பு, கண்டிஷனர், "21 மூலிகை" எண்ணெய், வாரம் ஒரு ஹேர் பேக், இப்பப் புதுசா ரோஸ்மேரி தண்ணி. எல்லாம் சேந்து மாசம் 2,400 ரூபா ஆகுதாம். கெமிக்கலுக்குத் திரும்பிப் போக மனசில்ல, பாதியாவது குறைக்க வழி சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க.

எனக்குக் காங்கேயம். மாமனார் காலத்துல இருந்து நாட்டு மருந்துக் கடை, 22 வருஷமா கல்லாவுல நான்தான் உக்காந்திருக்கேன். அதனால நான் சொல்றதுல பாதி எங்க ஏவாரத்துக்கே எதிராத்தான் இருக்கும், பரவால்லைங்க.

அம்மிணி, தலைக்கு வேலை ரெண்டே ரெண்டுதான். எண்ணெய் வைக்கறது ஒண்ணு, அழுக்கு எடுக்கறது ஒண்ணு. நீங்க வாங்கற அஞ்சு பாட்டில்ல இந்த ரெண்டு வேலைக்கு வெளிய நிக்கறது எதுன்னு பாருங்க. அங்கதான் காசு ஒழுகுது. எல்லாத்தையும் வீட்லயே செஞ்சாத்தான் மிச்சமாகும்னு நெனைக்காதீங்க. எங்க கடையில ஒரே நாள்ல பன்னெண்டு பொடி வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு வந்து, "அதெல்லாம் பூச்சி வெச்சுப் போச்சுங்க"ன்னு சொல்லுவாங்க. கொட்டுன பொடி, பாட்டில் ஷாம்புவை விட விலை ஜாஸ்தி.

முதல்ல அந்த 21 மூலிகை எண்ணெய். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. காஸ்மெட்டிக்னு வர்ற எண்ணெயில எது அதிகமா இருக்கோ அது பட்டியல்ல முதல்ல வரும். முதல் பேரே லைட் லிக்விட் பாரஃபின்னு இருந்தா, நீங்க காசு குடுக்கறது பெட்ரோலியத்துல இருந்து எடுத்த மினரல் ஆயிலுக்கு. அது விஷமில்ல, மேல பளபளப்பும் குடுக்கும், ஆனா இயற்கைன்னு நெனச்சுத்தானே வாங்கறீங்க? ஆயுர்வேத லைசென்ஸ்ல வர்ற பாட்டில்னா "ஒவ்வொரு 10 மில்லியிலும்" இன்ன மூலிகை இவ்வளவு மில்லிகிராம்னு போட்டிருப்பாங்க, மிச்சம் எந்த எண்ணெயின்னு கடைசியில இருக்கும். அந்தக் கடைசி வரிதான் பாட்டில்ல முக்காவாசி. பெரும்பாலும் தேங்காண்ணெயோ நல்லெண்ணெயோதான். அது ரெண்டும் நம்மூர்ல ஆடித் தர்றாங்க.

காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பருப்புக் களம் இல்லாத ரோடே கிடையாது. பொள்ளாச்சிக் காயும் இங்க வந்துதான் காயுது. (வெளியூர்க்காரங்களுக்கு: நாங்க பருப்புன்னா கொப்பரைத் தேங்கா.) பெருந்துறை, அவல்பூந்துறை ஏலத்துல பருப்பு கிலோ என்ன வெலைக்குப் போச்சுன்னு பேப்பர்ல போடுவாங்க, அதை ஒரு தடவ பாத்து வெச்சுக்குங்க. செக்குல ஆட்டுனா கிலோ பருப்புக்கு 600 கிராம் சுமாருக்கு எண்ணெய் கிடைக்கும், எக்ஸ்பெல்லர் மெஷின்ல கொஞ்சம் கூட வரும். அப்படின்னா ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒண்ணரைக் கிலோவுக்கு மேலயே பருப்பு வேணும். பருப்பு வெலையில ஒண்ணரை மடங்குக்கும் கீழ யாராவது "சுத்தமான மரச்செக்கு எண்ணெய்"னு வித்தா, பாட்டிலை வெச்சுட்டு வந்துருங்க. நாலு மடங்கு சொன்னாலும் வெச்சுட்டு வந்துருங்க.

இன்னொரு கணக்கு நெறையப் பேர் கவனிக்கறதில்ல. மில்லுல எண்ணெய் கிலோவுல குடுப்பாங்க, கடையில லிட்டர்ல. ஒரு லிட்டர் தேங்காண்ணெய் எடை போட்டா 915 கிராம் பக்கம்தான் நிக்கும். ரெண்டும் ஒரே வெலைன்னா மில்லு எண்ணெய் உங்களுக்கு கிட்டத்தட்ட நூறு மில்லி லாபம்.

மூணு பேர், வாரத்துக்கு ரெண்டு எண்ணெய்க் குளியல், ஆளுக்குப் பதினஞ்சு மில்லி. அது மூணு டீஸ்பூன், நீளத் தலைக்கே போதும். வாரத்துக்கு 90 மில்லி, மாசத்துக்கு 400 மில்லிக்குள்ள. அஞ்சு கிலோ பருப்புல மூணு கிலோ எண்ணெய், அதாவது மூணேகால் லிட்டர், எட்டு மாசத்துக்குக் காணும். ஆனா மரச்செக்குல அஞ்சு கிலோவைத் தனியாப் போட மாட்டாங்க, ஒரு ஆட்டுக்கு இவ்வளவு பருப்பு வேணும்னு மில்லுக்கு மில்லு கணக்கிருக்கு. பக்கத்து வீடு ரெண்டு, மூணு பேரை ஒட்டுக்கா சேத்துக்குங்க. புண்ணாக்கை மறந்துடாதீங்க. அஞ்சு கிலோ பருப்புல ஒண்ணே முக்கால் கிலோ வரும். ஆட்டுக்கூலிக்குப் பதிலாப் புண்ணாக்கை எடுத்துக்கற மில்லும் உண்டு, கூலியும் வாங்கிட்டு புண்ணாக்கையும் வெச்சுக்கற மில்லும் உண்டு. முதல்லயே பேசிக்கணும். மாடு இருக்கற சொந்தக்காரங்க ஊர்ல இருந்தா புண்ணாக்கைக் குடுத்து மோர் வாங்கிக்கலாம், அது உங்க சாமர்த்தியம்.

பருப்பு வாங்கறப்ப ரெண்டு விஷயம் பாருங்க. பால் மாதிரி வெள்ளையா, ஒரு கறையும் இல்லாம இருந்தா கந்தகப் புகை போட்டிருப்பாங்க. பூஞ்சணம் வராம இருக்கறதுக்குப் போடறது. "சல்பர் போடாத பருப்பு வேணும்"னு கேட்டே வாங்கணும். அடுத்தது, உடைச்சா படக்குன்னு ஒடியணும். ரப்பர் மாதிரி வளைஞ்சா ஈரம் இருக்கு, அந்த எண்ணெய் ரெண்டு மாசத்துல சிக்கு வாடை அடிச்சுரும். நல்லாக் காஞ்ச பருப்புல ஆடுன எண்ணெய் எவர்சில்வர் தூக்குல வருஷம் நிக்கும். தேங்காண்ணெய்ல பத்துல ஒம்போது பங்கு நிறைகொழுப்பு, அது லேசுல கெடாது.

ஆட்ட முடியாது, பாட்டில்தான் வாங்குவேன்னாலும் சரி, சமையலுக்குன்னு விக்கற சுத்தத் தேங்காண்ணெயை வாங்குங்க. தலைக்கு வேற எண்ணெய்ன்னு ஒண்ணும் இல்ல. இதுக்குப் பின்னால பெரிய வரிச் சண்டையே இருந்துச்சு. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், ஹேர் ஆயிலுக்கு 18. சின்ன பாட்டில்ல வர்ற தேங்காண்ணெய் எதுல சேத்தின்னு வருஷக்கணக்கா வழக்கு நடந்து, 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அது சமையல் எண்ணெய்தான், ஹேர் ஆயில்னு லேபிள் ஒட்டி வித்தாத்தான் வேறன்னு சொல்லுச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஹேர் ஆயிலுக்கும் ஷாம்புவுக்கும் வரியே 5 ஆயிருச்சு. ஆக, "வரி ஜாஸ்திம்மா"ங்கற சாக்கும் இப்ப இல்ல.

தேங்காண்ணெய் என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னும் சொல்லிடறேன். 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில தேங்கா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் முடியில தேச்சுப் பாத்தாங்க. குளிக்கறதுக்கு முன்னால வெச்சாலும் சரி, பின்னால வெச்சாலும் சரி, முடியில இருந்து புரதம் கரைஞ்சு போறதைத் தேங்கா எண்ணெய் மட்டும்தான் நல்லாக் குறைச்சுது. பண்ணுனது தேங்காண்ணெய் விக்கற ஒரு கம்பெனி ஆளுங்கதான், அதையும் மனசுல வெச்சுக்குங்க. ஆனா காரணம் நியாயமானது: தேங்காண்ணெய்ல இருக்கற லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள்ள நுழையும். முடி உடையறதும் நுனி வெடிக்கறதும் குறையும். எந்த எண்ணெயும் புதுசா முடி முளைக்க வெச்சு நான் பாத்ததில்ல. ராத்திரி பூரா ஊற வெச்சுத் தலைகாணியைப் பிசுக்காக்க வேண்டாம், ஒரு மணி நேரம் போதும்.

மூலிகை வேணும்னு மாமியார் சொன்னாங்கன்னா, வீட்லயே காய்ச்சுங்க, ஒண்ணு ரெண்டு தழை போதும், இருபத்தொண்ணு வேண்டாம். கரிசலாங்கண்ணி எல்.பி.பி. (கீழ்பவானி) வாய்க்கால் ஓரம், நெல்லு வரப்புல எல்லாம் சும்மா கிடக்கும். நொய்யல் கரையில மட்டும் பறிக்காதீங்க, சாயத்தண்ணி ஓடுன பூமி. கருவேப்பிலைக்குக் காரமடைப் பக்கத்துத் தோட்டத்துத் தழை சந்தைக்கு வருது, காய்கறிக்காரர்கிட்டக் கொசுறாவே வாங்கலாம், ஆனா மருந்தடிச்சிருப்பாங்க, ரெண்டு தண்ணியில அலசி நெழல்ல காய வைக்கணும்.

காய்ச்சறதுலதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. தழையை அரைச்சு வடை மாதிரித் தட்டி நெழல்ல ரெண்டு நாள் காய வெச்சு, அடி கனமான போசியில எண்ணெயை ஊத்தி, அடுப்பை சிறுசா வெச்சுப் போடுங்க. முதல்ல நுரை கட்டும், சடசடன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் முச்சூடும் தண்ணி வெளிய போற சத்தம். அது அடங்கி, தழை தொட்டா மணல் மாதிரி நொறுங்கணும், ஆனா கருகக் கூடாது. இறக்கறதுக்கு முன்னால எங்க மாமியார் ஒரு வேலை பண்ணுவாங்க. காடாத் துணியைக் கிழிச்சுத் திரியாத் திரிச்சு, அந்த எண்ணெயில நனைச்சுப் பத்த வைப்பாங்க. சத்தமில்லாம எரிஞ்சா பதம். படபடன்னு பொரிஞ்சா ஈரம் இன்னும் இருக்கு, அப்படியே புட்டியில ஊத்துனா இருபது நாள்ல பூஞ்சணம். தெர்மாமீட்டரெல்லாம் எதுக்குங்க.

இனி அழுக்கு எடுக்கறது. கொங்குல இதுக்கு முதல் பேரு அரப்புதான். தெக்க மதுரைப் பக்கம் உசிலை மரம்பாங்க, நம்ம பக்கம் ஊஞ்ச மரம். அதோட தழையை நெழல்ல காய வெச்சு இடிச்சுச் சலிச்சா அரப்புத் தூள். மேச்சக் காட்டுல, வேலியோரத்துல இன்னும் நிக்குது. பொறந்த ஊர்ல ஒரு ஊஞ்ச மரம் இருந்தா உங்க ஷாம்புச் செலவு முடிஞ்சுது. வெலைக்கு வாங்குனாலும் சீகக்காயை விட மலிவு. இதுல நுரை அதிகமா வராது, அதுக்காகப் பயந்துக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில, இல்ல வடிச்ச கஞ்சியில கொழகொழன்னு கரைச்சுத் தேச்சா எண்ணெயை அப்படியே இழுத்துக்கும். பச்சைப் பசேல்னு ஓடும். அப்பார்ட்மெண்ட்ல இருக்கறவங்க குழாய் வாய்ல ஒரு துணி வலை போட்டுக்குங்க, இல்லைன்னா பிளம்பருக்குக் குடுக்கற காசுல ரெண்டு வருஷத்து ஷாம்பு வாங்கலாம்.

நுரைச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்குங்கறவங்களுக்குச் சீகக்காய். அரைச்ச பொடி வாங்காதீங்க, காயா வாங்குங்க. பொடியில என்ன கலந்திருக்குன்னு 22 வருஷம் கடையில இருந்த எனக்கே பாத்ததும் சொல்ல முடியாது. ஒரு கிலோ சீகக்காய்க்குக் கால் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் வெந்தயம், அம்பது கிராம் பூலாங்கிழங்கு. அவ்வளவுதான். ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் எல்லாம் வாசத்துக்கு, வசதி இருந்தாப் போடுங்க. செம்பருத்தி இலை வீட்டு முன்னால இருந்தா காய வெச்சுச் சேத்துக்கலாம். மூணு வெயில் மொறுமொறுன்னு காயட்டும், சுடச்சுட மில்லுக்குப் போகணும், ஆறுனா நமத்துரும், மெஷின்ல சரியா அரையாது.

மில்லுன்னதும் ஞாபகம் வருது. கல்யாணமான புதுசுல நான் ரெண்டு கிலோ சீகக்காயைக் கொண்டு போய் ஒரு மில்லுல குடுத்தேன். அந்தப் பையன் எனக்கு முன்னால ஒரு வீட்டு மொளகாய அரைச்சு முடிச்ச மெஷின்லயே தட்டிட்டான். நானும் பேசிட்டே இருந்துட்டேன், கவனிக்கல. வெள்ளிக்கிழமை வெடியால எண்ணெய் வெச்சு அந்தப் பொடியைத் தலையில போட்டதும், ஐயோ! மண்டையெல்லாம் தீயா எரிஞ்சு, கண்ணைத் திறக்க முடியாம, தயிரை எடுத்துத் தலையில கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு கிலோவும் தென்னை மரத்தடிக்குப் போச்சு. அப்பறம் இருந்து சீகக்காய்க்குன்னு தனி மெஷின் வெச்சிருக்கற மில்லுக்குத்தான் போறது. அது இல்லைன்னா ஒரு பிடி பச்சரிசியை முதல்ல ஓட்டச் சொல்லி, அந்த மாவு வெள்ளையா விழுதான்னு பாத்துட்டுத்தான் நம்ம பொடியை விடறது.

நீளத் தலைக்கு ஒரு குளியலுக்கு ரெண்டு மேசைக்கரண்டி, 25 கிராம் போதும். மூணு பேருக்கு மாசம் 600, 650 கிராம். அதனால ஒன்றரைக் கிலோவுக்கு மேல ஒரே தடவைல அரைக்காதீங்க, ரெண்டு மாசத்துக்கு மேல வந்துரும். பொடியைச் சுடு தண்ணியில பத்து நிமிஷம் ஊற வெச்சு வேட்டித் துணியில வடிகட்டித் தேச்சீங்கன்னா திப்பி தலையில ஒட்டாது, அளவும் குறையும். காயையும் நாலு பூவந்திக்கொட்டையையும் உடைச்சு ராத்திரி ஊற வெச்சு, காலைல ஒரு கொதி விட்டு வடிகட்டிக்கலாம், மில்லுக்கே போக வேண்டாம். வடிகட்டுன தண்ணி வெளிய வெச்சா மூணாம் நாள் புளிச்சுரும். எதுவா இருந்தாலும் கண்ணுல படாமப் பாத்துக்குங்க, ரெண்டு நாள் சிவந்து கிடக்கும்.

திருப்பூர்ல போர் தண்ணியா ஆத்துத் தண்ணியான்னு எழுதல, ஆனா அதைச் சொல்லாம விட முடியாது. நெறையப் பேர் ஷாம்பு சரியில்ல, எண்ணெய் சரியில்லன்னு மாத்திட்டே இருக்கறதுக்குக் காரணம் உப்புத் தண்ணிதான். சோப்புக்கட்டி போட்டுத் தலை குளிச்சா அந்த உப்போட சேந்து மெழுகு மாதிரிப் படியும், முடி சணல் மாதிரி ஆயிரும். சீகக்காயிலயும் அரப்புலயும் நுரைக்கற சத்து வேற, அது அப்படிப் படியாது. ஆத்துத் தண்ணி வர்ற நாள்ல ஒரு குடம் தனியா எடுத்து வெச்சு, கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊத்திப் பாருங்க. அதுவும் இல்லைன்னா ஒரு சொம்புத் தண்ணியில அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சு அலசிட்டு, மேல ஒரு சொம்பு வெறும் தண்ணி. கண்டிஷனர் செலவு பாதிக்கு மேல இதுலயே போயிரும். மிச்சத்துக்கு, அஞ்சாறு செம்பருத்தி இலையைக் கசக்கித் தண்ணியில பிசைஞ்சா வர்ற கொழகொழப்பு, இல்ல ராத்திரி ஊற வெச்ச ஒரு ஸ்பூன் வெந்தயம். ஹேர் பேக்குன்னு டப்பாவுல வர்றதும் பெரும்பாலும் இந்தப் பொடிகதான்.

ரோஸ்மேரி நீலகிரியில விளையற தழை, வேணும்னா காஞ்சது அம்பது கிராம் வாங்கி வீட்ல கொதிக்க வெச்சுக்கலாம். ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம். இன்ஸ்டாகிராம்ல வர்ற ஸ்பிரே பாட்டில்ல நீங்க வாங்கறது முக்காவாசி தண்ணி.

பொண்ணு பத்தாவது, டியூஷன் வேற இருக்கும். சீகக்காய் கரைக்க நேரமில்லைன்னு அவ ஷாம்பு கேட்டா குடுங்க, ஒரு பாவமும் இல்ல. வெலை பாக்கறப்ப ரூபாயை மில்லியால வகுத்துப் பாருங்க. பெரிய பாட்டில்தான் மலிவுன்னு நெனப்போம், நம்ம நாட்டுல ஷாம்பு பாக்கெட் பல சமயம் மில்லிக்கு பாட்டிலை விட மலிவா இருக்கும். பாக்கெட்டை ஒரு கிண்ணத்துல தண்ணி விட்டுக் கலக்கித் தேய்க்கச் சொல்லுங்க, பாதியே போதும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத எடமும் இருக்குங்க. பொடுகுக்கு எண்ணெய் வெச்சா அரிப்பு அடங்குன மாதிரி இருக்கும், ஆனா அதுக்குக் காரணமான பூஞ்சை தலையில இருக்கற எண்ணெயைத் தின்னுதான் வளருது. மெடிக்கல்ல கீட்டோகோனசோல் ஷாம்பு இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரம் ரெண்டு தடவ, அஞ்சு நிமிஷம் ஊற வெச்சு அலசுனா போதும். பொடுகுக்குன்னு எங்கிட்ட வருஷம் பூரா பொடுதலைத் தைலம் வாங்குன ஒருத்தருக்கு இந்த ஷாம்புல ஒரே மாசத்துல பொடுகு அடங்குச்சு, எனக்கு ஒரு வாடிக்கை போச்சு. முடி கொட்டறதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு அம்பதுல இருந்து நூறு வரைக்கும் எல்லாருக்கும் கொட்டும். கொத்துக் கொத்தா வந்தா, ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால பெரிய காய்ச்சல், பிரசவம், திடீர்னு எடை குறைச்சதுன்னு ஏதாவது இருந்துச்சான்னு யோசிங்க. அது தானாத் திரும்பும். ஒண்ணும் இல்லைன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ரத்தம், தைராய்டு பாத்துட்டு அப்பறம் எண்ணெயைப் பத்திப் பேசலாம். மாமியார் நரைக்குப் பூசறதா இருந்தா மருதாணித் தழையை அரைச்சுப் பூசுனா செம்பட்டையாத்தான் வரும். கருகருன்னு ஆகற "ஹெர்பல் ஹென்னா"வுல பல சமயம் பிபிடின்னு சாய மருந்து இருக்கும், சிலருக்கு முகமே வீங்கிரும். காதுக்குப் பின்னால துளி வெச்சு ரெண்டு நாள் பாக்காமத் தலைக்குப் போக வேண்டாம்.

இந்த மாசம் இருக்கற பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, தீர்றவரைக்கும் ஓட்டுங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டுல கூட்டு சேத்துட்டு, நல்ல வெயில் காலமாப் பாத்து மில்லுக்கு வாங்க. வர்றப்ப எண்ணெய்க்குக் கொண்டு வர்ற தூக்கை ரெண்டு நாள் வெயில்ல கவுத்துக் காய வெச்சு எடுத்துட்டு வாங்க. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் செக்குக்காரர் ஊத்த மாட்டேன்னு திருப்பி அனுப்பிருவார், காங்கேயம் வரைக்கும் வந்த பஸ் காசு வீண்.